ஜாடிக்குப் பின்னால் ஒரு கரண்டி

கின்சாங் குடியை விட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. இதை அவரே சொல்லித்தான் சீனத்து மெய்ஜோவ் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். டாக்டர் என்னவோ கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதருக்குக் குறைப்பதெல்லாம் சரிப்படாது, பிரேக் என்றால் முழுசாகத்தான் மிதிப்பார். இனி ஒரு சொட்டு கிடையாது என்று மனைவி மூய்லான் எதிரிலும், மகன் வெய்யூன் எதிரிலும், கீழ்வீட்டுச் சீட்டாட்டக் கூட்டத்தின் எதிரிலும் சத்தியம் செய்தார். யாரும் அவரிடம் சத்தியம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏழு மாதம் சத்தியம் கெட்டியாகத்தான் நின்றது. எட்டாவது மாதத்தில் மருமகள் ஹோயிங்குக்குப் பேறுகாலம் நெருங்கியது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஹக்கா இனத்தார் வீட்டில் மருமகளுக்கு நாள் நெருங்கினால் மாமியாருக்கு ஜாடி ஞாபகம் வந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியைத் தட்டிப் போட்டு, கோழியை வதக்கி, வீட்டில் ஊறிய அரிசி மதுவை ஊற்றிக் கொதிக்க வைத்து, மாதம் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிய மதுவில் அதைச் செய்தால் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். மூய்லான் ஊர் சிரிக்க இடம் கொடுக்கிறவள் இல்லை. சீனக் கணக்கில் பதினோராம் மாதம் நல்ல நாள் பார்த்துத் தலை குளித்து, ஒட்டரிசியை ஊற வைத்து ஆவியில் வேக வைத்தாள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நொதிக்க வைக்கும் மது உருண்டையைப் பொடித்துத் தூவிப் பிசைந்து ஜாடியில் நிரப்பினாள். நடுவில் கிணறு மாதிரி ஒரு குழி. மேலே மூடி, மூடிமேல் ஒரு மிளகாய், ஒரு கரித்துண்டு. ஜாடியைச் சுற்றிப் பழைய ரஜாய்.

அதற்கப்புறம்தான் கெடுபிடி. ஜாடி ஊறுகிற நாள்களில் அந்த அடுக்களையில் 'புளிப்பு' என்ற வார்த்தையே வரக் கூடாது. எலுமிச்சை வாங்கினால் மஞ்சள் பழம் என்றுதான் சொல்ல வேண்டும். கின்சாங் ஒருமுறை ஆரஞ்சுச் சுளையைத் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்ததற்கே வெளியே போகச் சொல்லிவிட்டாள். மது இனிப்பாக இறங்கினால் பிறக்கும் குழந்தைக்கு நல்லது, சுவை திரும்பிப் போனால் ஆகாது என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் எண்ணம். கின்சாங் இதையெல்லாம் நம்புவதில்லை. நம்பாதவர் என்பதற்காக ஜாடிப் பக்கம் போகாமல் இருந்தாரா என்றால், அதுவும் இல்லை.

குளிர்காலம்தோறும் மூய்லான் ஜாடி வைப்பாள், முப்பது வருஷமாக நடக்கிற கதை இது. நாலாம் நாள் குழியில் தேன் நிறத்தில் ஊற ஆரம்பிக்கும். மூய்லான் மத்தியானம் கண் அசரும் நேரம் பார்த்து அவர் பூனை மாதிரி உள்ளே போவார். ஜாடிக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. அதில் காய்ந்த மூங்கில் கரண்டி ஒன்று தொங்கும். ஒரு கரண்டி மொண்டு வாயில் விட்டு, கண்ணை மூடி, முழுங்கி, கரண்டியைத் துடைத்து ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்துவிடுவார். அந்தக் கரண்டியை யார் அங்கே மாட்டினார்கள், வேறெந்த வேலைக்கும் ஆகாத இடத்தில் அது ஏன் தொங்குகிறது என்று அவர் யோசித்ததே இல்லை. கைக்கு எட்டுகிற பொருளை யாராவது கேள்வி கேட்பார்களா.

இப்படி இருக்கையில் சம்பந்தியம்மாள் வந்து இறங்கினாள்.

சௌபிங் ஃபோஷான் நகரத்துக்காரி. பெண்ணின் பேறுகாலத்துக்கென்று ரயிலில் ஒரு பெரிய மண்பானையையும், கிழங்கு கிழங்காக முற்றிய இஞ்சியையும், ஆறு பாட்டில் கறுப்புக் காடியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கடையில் வினிகர் என்று விற்கிற வெள்ளைத் தண்ணீர் இல்லை இது. அரிசியிலிருந்து இறக்கி, இனிப்புச் சேர்த்த கெட்டிக் காடி. அவர்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மதுவைவிட இதுதான் மருந்து. பிரசவத்துக்கு முன்பே இஞ்சியைக் காடியில் போட்டுக் கொதிக்க வைத்து ஊற விடுவார்கள். குழந்தை பிறந்ததும் பன்றிக்காலும் முட்டையும் சேரும். பன்னிரண்டாம் நாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணம் போகும். கிண்ணம் வந்தால் குழந்தை வந்துவிட்டது என்று அர்த்தம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சௌபிங் ஆரம்பித்துவிட்டாள்.

"சம்பந்தியம்மா, அடுப்புல ஒரு ஓரம் குடுங்க. இப்ப வெச்சாத்தான் இஞ்சியில புளிப்பு நல்லா ஏறும்."

மூய்லான் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவளை வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் முடியவில்லை. கடைசியில் பானையைப் பால்கனியில் வைக்கலாமே, காற்றோட்டமாக இருக்குமே என்றாள். காற்றோட்டமான இடத்தில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று சௌபிங் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஹோயிங் தன் பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருவழியாக உடன்பாடு ஆயிற்று. அடுக்களைத் தரையில் மூய்லான் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜாடி, அந்தப் பக்கம் பானை. இந்தப் பக்கத்துக் கரண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது, அந்தப் பக்கத்துத் துணி இந்தப் பக்கம் வரக் கூடாது. காடியைக் 'கறுப்புத் தண்ணி' என்று சொல்லச் சௌபிங்கும் ஒத்துக்கொண்டாள். நாலு தடவைக்கு ஒரு தடவை மறந்துபோவாள். மறந்ததுதானா என்பதில் மூய்லானுக்குச் சந்தேகம் உண்டு.

கின்சாங்குக்கு மட்டும் சம்பந்தியம்மாள் வந்ததில் பரம சந்தோஷம். வந்த அன்றே அவருடைய சத்தியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அசந்துபோய்விட்டாள். தன் வீட்டுக்காரருக்கு இதில் கால்வாசி உறுதி இருந்தால்கூடத் தன் தலையில் பாதி முடி கறுப்பாகவே இருந்திருக்கும் என்றாள். சாப்பாட்டு மேஜையில் இதை மூன்று முறை சொன்னாள். கின்சாங் பெரிய துறவி மாதிரி வெந்நீர்க் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு தலையசைத்தார்.

மறுநாள் மத்தியானம் துறவி பூனை நடை போட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போனார். ஜாடிக்குப் பின்னால் கையை விட்டார். ஆணி இருந்தது. கரண்டி இல்லை.

முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. கூடத்தில் மூய்லானின் குறட்டை நின்று நின்று வந்தது. அவசரத்தில் கண் நாலாபக்கமும் அலைந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பானைமேல் படுத்திருந்த நீளக் கரண்டிதான் கையில் சிக்கியது. பனியனில் இரண்டு தடவை துடைத்தார். துடைத்தால் போயிற்று என்று நினைத்துக்கொண்டார். மொண்டார், குடித்தார். நாக்கில் இனிப்பு பரவி நெஞ்சு வரைக்கும் சூடு இறங்கியது. எட்டு மாதத்து ஏக்கம், ஒரு கரண்டியோடு நிற்குமா. இன்னொன்று. அப்புறம் அது தினசரி வழக்கமாகவே ஆகிவிட்டது.

பன்னிரண்டாம் மாதம் ஆறாம் தேதி காலையில் ஹோயிங்குக்கு வலி எடுத்தது. வெய்யூனும் சௌபிங்கும் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூய்லான் போகவில்லை. அன்றைக்குத்தான் மதுவைச் சுடுவதாக இருந்தது. மொட்டை மாடியில் உமிக் குவியலுக்கு நடுவில் ஜாடியை வைத்து மெதுவாகச் சுட்டால்தான் நிறம் ஏறும், கெடாமலும் நிற்கும். நெருப்பைப் பற்றவைத்து, பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வருகிறேன், மதுவும் பிள்ளையும் ஒரே நாளில் வரட்டும் என்று மகனை அனுப்பிவைத்தாள்.

கின்சாங் இரண்டு மூட்டை உமியை மாடிக்குத் தூக்கிப் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தபோது, மூய்லான் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குனிந்து மோந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மூடியை மறுபடியும் மூடினாள்.  சொல்ல வேண்டிய வார்த்தையைத்தான் சொல்லக் கூடாதே. சின்ன மணையில் உட்கார்ந்தாள். 

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க போங்க. நான் வரல."

பேரப்பிள்ளை பிறக்கிற நேரத்தில் பாட்டி வராமல் இருப்பதாவது என்று அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கையை மடியில் வைத்து, அது வேறு யாருடைய கையோ என்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். சௌபிங்கின் பானைமேல் பழியைப் போடுவாள், ஒரு மணி நேரம் திட்டித் தீர்ப்பாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வெய்யூன் பொறந்த வருஷமும் இப்படித்தான் திரும்பிப் போச்சு. ஞாபகம் இருக்கா உங்களுக்கு? கால் முன்னாடி வந்து, ரெண்டு நாள் கிடந்தேன். இந்தக் கையால ஊற வெச்சது அது. இதுவும் இந்தக் கையால ஊற வெச்சதுதான். இந்தக் கையோட நான் அந்தப் பொண்ணு பக்கத்துல போய் நிக்க மாட்டேன்."

அந்த இரண்டு நாள் கின்சாங்குக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பஸ் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் உள்ளங்கையில் பல் பல்லாகப் பதிந்துபோயிருந்தது. ஜாடிதான் ஞாபகத்தில் இல்லை. இத்தனை வருஷமாக இவள் ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் அந்த இரண்டு நாளையும் சேர்த்துத்தான் திறந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவள் பெருமைக்காகக் கெடுபிடி செய்கிறாள் என்று நினைத்துக் கீழ்வீட்டில் கிண்டல் பண்ணி எத்தனை முறை சிரித்திருப்பார்.

உண்மையைச் சொன்னால் எட்டு மாதத்துப் பெயர் போகும். சம்பந்தியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது. சீட்டாட்டக் கூட்டம் அடுத்த பத்து வருஷத்துக்கு இதையே வைத்து ஓட்டும். இதையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்தார். நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் அதிக நேரமே எடுத்துக்கொண்டார் என்பதையும் மறைப்பானேன்.

"உன் கை இல்ல," என்றார். "என் வாய்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தினம் மத்தியானம் வந்து குடிச்சேன். கரண்டி கிடைக்கல. சம்பந்தியம்மா கரண்டிய எடுத்து மொண்டேன்."

"எந்தக் கரண்டி?"

"அந்த நீளக் கரண்டி. கறுப்புத் தண்ணியில கிடந்தது."

"கழுவினீங்களா?"

"பனியன்ல துடைச்சேன்."

"எத்தன நாள்?"

"பதிமூணு." அப்புறம் சத்தியவானாக, "சில நாள் ரெண்டு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

 அதே குரலில் மூய்லான், வெய்யூன் வருஷமும் நீங்கதானா என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். ஆமாம், அந்த வருஷமும் ஒரு கரண்டி. சாதம் கிளறிவிட்டுக் கழுவி வைத்திருந்த ஈரக் கரண்டி. அதெல்லாம் ஒரு காரணமாக இருக்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியும்," என்றாள் மூய்லான். "சந்தேகம் இருந்துது. அதனாலதான் அடுத்த வருஷத்துலேர்ந்து காஞ்ச கரண்டியா ஒண்ணு ஆணியில மாட்டி வெச்சேன். எப்படியும் குடிக்கத்தான் போறீங்க, ஈரம் படாம குடிச்சுத் தொலைங்கன்னு. முப்பது வருஷமா அது அங்க தானா முளைச்சுதுன்னு நெனச்சீங்களா?"

 முப்பது வருஷத் திருட்டு, முப்பது வருஷமும் வீட்டுக்காரியே சாவி வைத்துவிட்டுப் போன திருட்டு. குறட்டைகூட நிஜக் குறட்டையா என்று கின்சாங்குக்கு இப்போது சந்தேகம் வந்தது.

"அப்ப இந்த வருஷம் ஏன் எடுத்துட்ட?"

"நீங்கதான் ஊர் பூரா தண்டோரா போட்டீங்களே, ஒரு சொட்டு கிடையாதுன்னு. பாவம், மனுஷன் விட்டுட்டாரு, கண்ணுல பட்டா ஆசை வரும்னு எடுத்து வெச்சேன். நான் ஒருத்திதான் இந்த ஊர்ல அத நம்பினவ."

அது நன்றாகவே உறைத்தது. சந்தேகப்பட்டபோதெல்லாம் கெடாத ஜாடி, நம்பிய வருஷத்தில் கெட்டுப்போயிருந்தது.

தெரிந்திருந்தும் ஏன் தன் கையைப் பழித்தாள் என்று அவர் கேட்டார். புத்திக்குத் தெரிந்தால் போதுமா, வயிறு கேட்க வேண்டாமா என்றாள். மறுபடி மூடியைத் திறந்தாள். இந்த முறை ஒரு கரண்டி நிறைய மொண்டு குடித்தாள். முகம் கோணிப்போயிற்று. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த அடுக்களையில் நின்றுகொண்டு உரக்கச் சொன்னாள்.

"புளிப்பு. சரியான புளிப்பு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அது புளிப்பினாலா வேறெதனாலா என்று அவர் கேட்கவில்லை. போய்ச் சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள், பனியன் நாறுகிறது என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சம்பந்தியம்மாளிடம் அவரே சொல்ல வேண்டும், தான் வாயைத் திறக்கமாட்டேன் என்றாள். கோடு போட்டுப் பிரித்து வைத்துவிட்டு, இப்போது வீட்டு ஆளே கோட்டைத் தாண்டினார் என்று அவள் எப்படிச் சொல்லுவாள்.

பிற்பகல் இரண்டே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலை முன்னால்தான் வந்தது. மூய்லான் அந்தக் கையாலேயே குழந்தையை வாங்கிக்கொண்டாள். கின்சாங் சௌபிங்கை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, சுற்றி வளைத்து, பஸ் காலத்துக் கதையெல்லாம் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"கரண்டி இடம் மாறுதேன்னு நான் உங்க வீட்டம்மா மேல சந்தேகப்பட்டுட்டேன், சம்பந்தி. ரகசியமா வந்து என் பானையைக் கிளறிப் பாக்கறாங்கன்னு."

அன்று சாயங்காலமே இரண்டு அம்மாக்களும் அடுக்களையில் கூடிப் பேசினார்கள். மூய்லான் ஈரத்துணியால் சாக்குக்கட்டிக் கோட்டை அழித்தாள். ஒரே அரிசிதானே இரண்டும், காடி கொஞ்சம் பொறுத்திருந்தது, மது பொறுக்கவில்லை என்றாள் சௌபிங். திரும்பிப்போன ஜாடியைக் காடிப் பானையில் கவிழ்த்தார்கள். சுட்ட வெல்லம் கொஞ்சம் கூடச் சேர்த்தார்கள். மறுநாள் காலை மூய்லான் புதிதாக ஒட்டரிசி வேக வைத்தாள். முதல் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மது கூடாது, மெல்லிய ரசமாகக் கொடுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். புது ஜாடி ஊறவும் அத்தனை நாள் ஆகும், கணக்குச் சரியாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் கிண்ணங்கள் படியிறங்கிப் போயின. பன்றிக்கால் வாயில் கரைந்தது, முட்டை கறுப்பேறி மினுங்கியது, இஞ்சி தொண்டையில் இறங்கி மூக்கு வழியாக வந்தது. கீழ்வீட்டுச் சீட்டாட்டக் கூட்டம் கிண்ணத்தை வழித்துவிட்டு, இந்தக் காடியில் என்னவோ ஒரு தனி வாசனை இருக்கிறதே, ஃபோஷான் பக்குவமா என்று கேட்டது.

"என்னுது இல்லீங்க," என்றாள் சௌபிங். "எங்க சம்பந்தி கைப்பக்குவம். பதிமூணு நாள், தினம் மத்தியானம் தூங்காம உழைச்சாரு."

மூய்லான் குழந்தையின் துணியைச் சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டாள். கின்சாங் வெந்நீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு நழுவினார்.

புது ஜாடி ரஜாய்க்குள் உட்கார்ந்திருந்தது. மத்தியானம்தான். அவர் குடிக்க வரவில்லை, சத்தியமாக வரவில்லை. ஆனாலும் கை பழக்கதோஷத்தில் தானாக ஜாடிக்குப் பின்னால் போயிற்று.

ஆணியில் கரண்டி தொங்கியது. பழைய மூங்கில் கரண்டி இல்லை. குழந்தைக்கு மருந்து கொடுக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னஞ்சிறு கரண்டி. எறும்புக்கு விருந்து வைக்கலாம், அவ்வளவுதான் அதில் பிடிக்கும். சிவப்பு நூல் கட்டி, துடைத்து, காய வைத்து மாட்டியிருந்தாள்.

அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கூடத்திலிருந்து, தூங்குகிற குழந்தை எழாதபடி, தாழ்ந்த குரலில் மூய்லான் சொன்னது கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு."